பழைய மாதிரி ரைஃபிளும் போன ஆயிரத்து நானூறு டாலரும்

விசையை ஒருமுறை இழுத்தால் மூன்றேகால் டாலர் போகிறது. 45-70 என்ற வகைத் தோட்டா இருபது அடங்கிய பெட்டியைக் கடையில் அறுபத்தைந்து டாலருக்கு வாங்கியவன் சொல்லும் கணக்கு இது. துப்பாக்கியின் விலை தனி, குறிநோக்கியின் விலை தனி, ரிப்பேர்காரர் கூலி தனி. பத்தொன்பதாம் நூற்றாண்டு மாதிரியில் இன்று புதிதாகச் செய்து விற்கும் ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களைப் பற்றித் தமிழில் யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால், ஆயிரத்து நானூறு டாலர் சொச்சமும் ஒரு முழு வேட்டைப் பருவமும் மிஞ்சியிருக்கும். நான் இருப்பது கொலராடோ மாநிலத்தில். என்னைப் போல இங்கே குடியேறி, துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டு, ஊரில் உள்ளவர்களிடம் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற சொல்லே குற்றப் பத்திரிகையில் வருகிற சொல்லாகிவிட்டது. இங்கே அது உரிமம், ஒதுக்கீடு, பருவம் எல்லாம் வகுத்து அரசே நடத்துகிற காரியம். பிடிக்காதவர்கள் இந்தக் கட்டுரையை இத்துடன் விட்டுவிடலாம், வருத்தமில்லை.

ஆசை பிறந்தது ஒரு சுடுதளத்தில். அலுவலக நண்பர் ஒருவர் கருமருந்துப் போட்டி (பழைய காலத்துப் புகை கக்கும் வெடிமருந்தால் சுடும் போட்டி) ஒன்றைப் பார்க்க அழைத்துப்போனார். இரும்புத் தகட்டில் வெட்டிய உருவங்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்: 200 மீட்டரில் கோழி, 300 மீட்டரில் பன்றி, 385 மீட்டரில் வான்கோழி, 500 மீட்டரில் ஆட்டுக்கடா. கோழியை மட்டும் எதன் மீதும் சாயாமல் நின்றுகொண்டு சுட வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் தரையில் படுத்து, குறுக்காகக் கட்டிய இரண்டு குச்சிகள் மேல் குழலை வைத்துக் கடாவைச் சுட்டார். வெண்புகை அவரையே மறைத்தது. அவர் தலையைத் தூக்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் தொலைவிலிருந்து ‘டங்’ என்று சத்தம் வந்தது. குண்டு போய்ச் சேர ஒன்றரை விநாடி, ஓசை திரும்பி வர ஒன்றரை விநாடி. இன்றைய ரைஃபிள்களில் கிடைக்காத அந்த இடைவெளிதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அவர் கையில் இருந்தது 1874 மாதிரி ஷார்ப்ஸ். கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் 1848இல் காப்புரிமை பெற்ற அமைப்பிலிருந்து வளர்ந்த துப்பாக்கி அது. கீழே உள்ள நெம்புகோலை இறக்கினால் குழலின் பின்பக்கத்தை அடைத்திருக்கும் இரும்புக் கட்டை கீழிறங்கும். தோட்டா ஒன்றை உள்ளே தள்ளி, நெம்புகோலை மூடிச் சுட வேண்டும். 1874 செப்டம்பரில் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அயர்லாந்து அணியை அமெரிக்க அணி மூன்றே புள்ளியில் தோற்கடித்தபோது அமெரிக்கர்கள் பிடித்திருந்தவை ஷார்ப்ஸும் ரெமிங்டன் கம்பெனியின் ரோலிங் பிளாக் ரைஃபிளும்தான். அதே காலத்தில் மேற்குச் சமவெளியின் காட்டெருமைக் கூட்டங்களை ஏறக்குறைய துடைத்தெடுத்ததும் இந்த வகைத் துப்பாக்கிதான். அந்தக் கறையை மறைத்துவிட்டு வீரக் கதை மட்டும் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஷார்ப்ஸ் கம்பெனி 1881இல் மூடப்பட்டுவிட்டது. இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இத்தாலியின் பிரெஷியா பக்கத்தில் செய்யப்படுபவை. பெடர்சோலி, ஊபெர்ட்டி, கியாப்பா என்பவை அடிக்கடி காதில் விழும் பெயர்கள். அமெரிக்காவிலேயே செய்பவை வேண்டுமானால் மான்டானா மாநிலத்தில் பிக் டிம்பர் என்ற சிற்றூரில் ஷைலோ ஷார்ப்ஸ், சி. ஷார்ப்ஸ் என்று இரண்டு பட்டறைகள் உண்டு. அங்கே விலையும் அதிகம், காத்திருப்பும் அதிகம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் சறுக்கக்கூடிய இடம் இது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு அதில் விதிவிலக்கு உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பும்போது குடியேற்ற எண்ணை எழுத வேண்டும். எனக்குக் கிரீன் கார்டு வந்த பிறகே நான் கடைப்படி ஏறினேன். இன்னொரு குழப்பம் ‘பழைய துப்பாக்கிக்குப் படிவம் தேவையில்லை’ என்ற பேச்சு. 1898ஆம் ஆண்டோ அதற்கு முன்போ செய்யப்பட்ட அசலுக்குத்தான் அந்தச் சலுகை. சாதாரணப் பித்தளைத் தோட்டா போட்டுச் சுடும் நகல் ரைஃபிள், எவ்வளவு பழைய தோற்றத்தில் இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் புதுத் துப்பாக்கிதான். உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் கைக்கு வர வேண்டும். கொலராடோவில் 2023 அக்டோபர் முதல் மூன்று நாள் காத்திருப்பும் உண்டு.

வீட்டில் பேச்செடுத்தபோது மனைவி கேட்டது ஒரே கேள்வி: “இரண்டாயிரம் டாலர் கொடுத்து ஒரே ஒரு தோட்டா போடுகிற துப்பாக்கியையா வாங்குவார்கள்?” என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

மான்டானா பட்டறைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. புதிய இத்தாலிய ஷார்ப்ஸ் நான் கேட்ட நீளத்தில் கைவசம் இல்லை என்றார்கள். வேறு மாநிலத்தில் உள்ள ஒரு வியாபாரி, பழையது என்றாலும் ‘சில தோட்டாக்களே சுட்டது, குழலின் உள்ளே கண்ணாடி போல’ என்று எழுதி ஒன்றை விற்பனைக்கு வைத்திருந்தார். 34 அங்குல எண்கோணக் குழல், இரட்டை விசை, பிறை வடிவ இரும்பு அடித்தட்டு. படங்கள் அத்தனையும் வெளிப்புறத்தைக் காட்டின. மரத்தின் வரிகள், எஃகின் மேல் நிறச் சாயல், எல்லாம் அழகு. அனுப்பும் செலவோடு 1,950 டாலர். என் ஊர்க் கடைக்கு வந்து சேர்ந்ததும் நாற்பத்தைந்து டாலர் பெயர் மாற்றக் கட்டணம் வாங்கினார்கள். சனிக்கிழமைக் கூட்டம். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் பெட்டியைத் திறந்து வரிசை எண்ணைச் சரிபார்த்துவிட்டு, “முதலில் கையெழுத்துப் போடுங்கள், பிறகு நிதானமாகப் பாருங்கள்” என்றார்.

அந்த வரிசையை மட்டும் யாரும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். படிவத்தை நிரப்புவதற்கு முன்பே கடைக்காரர் முன்னிலையில் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பெரும்பாலான இணைய வியாபாரிகள் திருப்பி எடுத்துக்கொள்வது, பெயர் மாற்றம் நடப்பதற்கு முன்பு மட்டும்தான். மாற்றம் முடிந்தால் அது உங்கள் துப்பாக்கி, உங்கள் தலைவலி. இதை நான் தெரிந்துகொண்டது சுடுதளத்துக்குப் போன பிறகு. நூறு கஜத்தில், பெஞ்சில் மணல் மூட்டை வைத்து, கடைத் தோட்டாவால் ஐந்து சுட்டால் ஒரு தட்டு அகலத்துக்குச் சிதறின. என் கையில் குறையோ என்று நண்பரிடம் கொடுத்தேன். அவருக்கும் அதேதான். தோட்டாப் பெட்டியை மாற்றினேன், பிறகு இன்னொன்று. ஐந்து பெட்டி, 325 டாலர், பலன் பூஜ்யம்.

துப்பாக்கி ரிப்பேர்காரர் ஒருவர் சிறு கேமராவைக் குழலுக்குள் விட்டுத் திரையில் காட்டினார். தோட்டா அமரும் அறையைத் தாண்டிய முதல் நான்கு அங்குலத்தில் அம்மைத் தழும்பாகக் குழிகள். அவற்றின் மேல் ஈயம் சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. யாரோ கருமருந்தால் சுட்டுவிட்டு, அன்றே கழுவாமல் வைத்திருக்கிறார்கள். குழல் வாயில், உள் விளிம்பின் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. துடைக்கும் கம்பியை வாய்ப்பக்கமிருந்து உரசி உரசி விட்ட வேலை அது. குண்டு குழலை விட்டு வெளியேறும் கடைசி இடம் அந்த விளிம்பு. அங்கே ஒரு பக்கம் வாயு முந்திக்கொண்டால் குண்டின் அடி தள்ளப்படும், அப்புறம் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. விளிம்பைப் புதிதாகக் கடைந்து கொடுக்க 180 டாலர். சிதறல் பாதியாகக் குறைந்தது, ஆனால் குழிகள் குழிகள்தானே. வியாபாரிக்குப் படங்களோடு எழுதினேன். “பெயர் மாற்றம் முடிந்த துப்பாக்கியை நாங்கள் திரும்பப் பெறுவதில்லை” என்று ஒரு வரி வந்தது. நான் தூக்கமில்லாமல் புரண்ட இரவுகளில் அந்த வரி மனப்பாடமாகிவிட்டது. பணம் போன கோபம் ஒரு பங்கு என்றால், ‘கண்ணாடி போல’ என்று கூசாமல் எழுதியிருக்கிறாரே என்ற கோபம் மூன்று பங்கு.

எனவே கடைக்குப் போகும்போது பையில் சின்னக் கைவிளக்கு ஒன்றும் பஞ்சு சுற்றிய குச்சி நான்கும் இருக்கட்டும். நெம்புகோலை இறக்கி, அறை காலி என்று உறுதிசெய்து, வாய்ப்பக்கமிருந்து ஒளி விட்டுப் பின்பக்கமிருந்து பாருங்கள். அறைக்கு அடுத்த பகுதியைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். பஞ்சை வாய் விளிம்பின் உள்ளே சுற்றி இழுத்தால், பிசிறு இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். தோள்கட்டையின் கழுத்தில் இரும்பு வால் மரத்துக்குள் இறங்கி முடியும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே இரும்பு மரத்தை நேராக முட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு அதிர்விலும் ஆப்பு வைத்ததுபோல் மரம் பிளக்கத் தொடங்கும். மயிரிழை விரிசல் ஏற்கெனவே இருந்தால் வேண்டவே வேண்டாம். இரட்டை விசையில் பின் விசையை அழுத்தினால் முன் விசை தொட்டாலே விழும் அளவுக்கு இலேசாகும். அப்படி அழுத்திவிட்டு, முன் விசையைத் தொடாமல், துப்பாக்கியின் அடியை ரப்பர் விரிப்பில் மெல்லத் தட்டிப் பாருங்கள். சுத்தியல் தானாக விழுந்தால் பொறி ஆபத்தானது. இதைக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, காலித் தோட்டாக் கூடு போட்டுச் செய்ய வேண்டும். ஷார்ப்ஸில் சுத்தியலைப் பாதி ஏற்றிய பிறகே நெம்புகோலைத் திறக்க வேண்டும். தோட்டாவைக் குத்தும் ஊசி உள்ளே இழுபடாமல் கட்டை இறங்கினால் ஊசி முனை உடையும். இத்தாலியத் துப்பாக்கிகளில் குழலின் பக்கத்தில் சோதனைச் சாலையின் முத்திரைகளோடு சிறு கட்டத்துக்குள் எழுத்துகள் இருக்கும். சோதனை நடந்த ஆண்டு எது என்று அது சொல்லிவிடும். ‘போன வருடம் வாங்கியது’ என்பவரின் பேச்சை அதை வைத்துச் சரிபார்க்கலாம்.

இனி எதை வாங்குவது என்ற பேச்சு. பலரும் முதலில் துப்பாக்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, கடைசியில் குண்டுக்கு வருகிறார்கள். தலைகீழாகப் போவதே சரி என்பது என் முடிவு. எதைச் சுடப்போகிறோம், எந்த நிலையிலிருந்து சுடப்போகிறோம் என்பது முதலில். அதற்கு எந்த எடைக் குண்டு, அந்தக் குண்டுக்கு எந்தக் குழல், அந்தக் குழலுக்கு எந்தக் குறிநோக்கி. பெயர் கடைசியில். 500 மீட்டர் இரும்புக் கடாவைத் தட்டுவது மட்டும் போதாது, அதைப் பீடத்திலிருந்து கீழே விழவைக்க வேண்டும். அதற்கு 500 கிரெய்னும் (சுமார் 32 கிராம்) அதற்கு மேலும் எடையுள்ள நீண்ட ஈயக் குண்டு வேண்டும். நீண்ட குண்டு தலைகுப்புறாமல் பறக்கக் குழலின் உள்வரிகள் (குண்டைச் சுழலவைக்கும் திருகுப் பள்ளங்கள்) வேகமாகச் சுற்ற வேண்டும். பதினெட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது இன்றைய நகல்களில் வழக்கம், இந்த எடைக்கு அது சரியாக இருக்கிறது. 1873இல் ராணுவம் ஏற்றுக்கொண்ட முதல் 45-70 ரைஃபிள்களில் இருபத்திரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று, குண்டு 405 கிரெய்ன். அந்த ராணுவ மாதிரியின் நகலை வாங்கிவிட்டு ஐந்நூறு மீட்டர்க் கனவு காண்பவர்கள், உள்வரிச் சுற்று எவ்வளவு என்று முதலில் விசாரிப்பது நல்லது.

தோட்டாவில் எனக்குத் தடுமாற்றம் இல்லை: முதல் துப்பாக்கி என்றால் 45-70. நீண்ட பித்தளைக் கூடு கொண்ட 45-90, 45-110 எல்லாம் காதுக்கு இனிமை, தோளுக்குக் கசப்பு. கடையில் நடந்துபோய் வாங்கக் கிடைப்பது பெரும்பாலும் 45-70 மட்டுமே. இலக்கு மட்டும் போதும், அதிர்வு குறைய வேண்டும் என்பவர்களுக்கு 40-65 நல்லது என்று போட்டிக்காரர்கள் சொல்கிறார்கள். ஆனால் கூடு, குண்டு, அச்சு எல்லாம் நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். 45-70 வாங்குபவர் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரே பெயரில் மூன்று வகை வலுவுள்ள தோட்டாக்கள் விற்கின்றன. பழைய ராணுவ ரைஃபிள் தாங்கும் மெல்லிய வகை, இன்றைய நெம்புகோல் ரைஃபிளுக்கான நடு வகை, ரூகர் நம்பர் ஒன் போன்ற வலுவான நவீன அமைப்புக்கான முரட்டு வகை. மூன்றும் அறைக்குள் ஒரே மாதிரி நுழையும். பெட்டியில் ‘நவீன ரைஃபிளுக்கு மட்டும்’ என்று போட்டிருந்தால் நகல் ஷார்ப்ஸுக்கு அது ஆகாது. தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அழுத்த எல்லைதான் பேச்சு, சுடுதளத்தில் பக்கத்து பெஞ்சுக்காரர் சொல்வது அல்ல.

ஈயக் குண்டில் விட்டம் முக்கியம். மென்மையான ஈய உருண்டையை எண்ணெய் தடவி மரக்கம்பால் குழல் வழியே தள்ளி வெளியே எடுத்து, அதில் பதிந்த வரிகளின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்தால் உங்கள் குழலின் உண்மை தெரியும். குண்டு அதைவிட ஆயிரத்தில் ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தால் நல்லது. குறைவாக இருந்தால் வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை உருக்கிக் குழலில் ஒட்டும். இந்த அளவை எடுக்காமல் குண்டு அச்சு வாங்குவது வீண். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்குக் கூடுதல் சங்கடம்: 2019 ஜூலை முதல் அங்கே வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. செப்புக் குண்டுகள் உண்டு, ஆனால் அதே எடைக்கு அவை இன்னும் நீளம், உங்கள் குழல் அதை ஏற்குமா என்று சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

குறிநோக்கியில் நான் செலவழித்த பணம் வலிக்கவில்லை, ஆனால் போன விதம் வலித்தது. விலையில் சேர்த்துக் கொடுக்கப்பட்ட பின் குறிநோக்கி, தோள்கட்டைக் கழுத்தில் நிமிர்த்தி நிறுத்தும் வகை, விரலால் தொட்டாலே பக்கவாட்டில் ஆடியது. பின் துளைக்கும் முன் குறிக்கும் இடையே ஏறத்தாழ 34 அங்குலம் இருக்கும் துப்பாக்கியில், பின் துளை நூறில் ஓர் அங்குலம் நகர்ந்தால் நூறு கஜத்தில் குண்டு ஓர் அங்குலம் நகரும். ஐந்நூறு மீட்டரில் அது ஐந்தே முக்கால் அங்குலம். ஆடும் கம்பத்தை வைத்துக்கொண்டு இதில் கணக்குப் போட முடியுமா? 420 டாலருக்கு நல்லது ஒன்று வாங்கினேன். பிறகு துப்பாக்கியை மாற்றியபோதுதான் தெரிந்தது, ஒரு தயாரிப்பாளரின் திருகுத் துளை இடைவெளி இன்னொருவருக்குப் பொருந்தாது. அதை முந்நூறுக்கு விற்றேன். குறிநோக்கியைத் துப்பாக்கியின் பெயர், மாதிரி, துளை இடைவெளி மூன்றையும் சொல்லி வாங்குங்கள். முன்பக்கத்துக்கு வட்டக் கூடும், மாற்றி மாற்றிப் போடும் உள்தகடுகளும், சாய்வு காட்டும் குமிழும் போதும்.

விளிம்பைக் கடைந்த ஷார்ப்ஸோடு அந்த ஆண்டு மியூல் மான் வேட்டைக்குப் போனேன். கொலராடோ விதிகள் இந்தத் தோட்டாவுக்குத் தடையில்லை: மானுக்குக் குறைந்தது 24 காலிபர் (0.24 அங்குல விட்டம்), 70 கிரெய்ன் குண்டு, நூறு கஜத்தில் ஆயிரம் அடி-பவுண்டு ஆற்றல். 405 கிரெய்ன் கடைத் தோட்டா இதைத் தாண்டிவிடும். தடை வேறு பக்கமிருந்து வந்தது. பன்னிரண்டு பவுண்டுக்குச் சற்றே குறைந்த எடையை ஒன்பதாயிரம் அடி உயரத்தில், மூச்சு வாங்க, சரிவில் தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள். சுடுதளத்தில் வரமாக இருந்த எடை அங்கே சாபம். 34 அங்குலக் குழல் ஒவ்வொரு புதரிலும் மாட்டியது. சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்தே சுட அனுமதி உண்டு, மான்களும் அந்த மங்கலில்தான் வெளியே வரும். அறுபது எழுபது கஜத்தில் ஒரு பெட்டை மான் பக்கவாட்டாக நின்றது. பின் துளையில் கண்ணை வைத்தால் கருப்பு, அதற்கப்பால் எதுவும் இல்லை. தடித்த கையுறையோடு பின் விசையைத் தேடி, பிறகு மயிர்தொட்டால் விழும் முன் விசையை நினைத்து, விரலை எடுத்துவிட்டேன். மான் புல்லைக் கடித்தபடி மரங்களுக்குள் போய்விட்டது. பருவம் முடியும் வரை அடுத்த வாய்ப்பு வரவில்லை. கூடாரத்தில் உட்கார்ந்து, அடுத்த மலைச்சரிவில் சாதாரண டெலஸ்கோப் ரைஃபிள் வைத்திருந்தவர்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு அவமானமாகவே இருந்தது.

வேட்டைக்கு இதே வகைத் துப்பாக்கியை எடுத்துப்போகிறவர்கள், பின் துளையின் வட்டத் தகட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய துளையாகவே வைத்துக்கொள்ளலாம். நூறு கஜத்துக்கு அது தாராளம். இல்லையென்றால் குழலின் மேலே உள்ள வெட்டுக்குறியைப் பயன்படுத்தலாம். இரட்டை விசை இருந்தால், பின் விசையைத் தொடாமல் முன் விசையை மட்டும் இழுத்தும் சுடலாம், கொஞ்சம் கனமாக இழுபடும், அவ்வளவுதான். சில மாதிரிகளில் பின் விசையை ஏற்றாமல் முன் விசை வேலையே செய்யாது. அதையும் கடையில் சோதிக்க வேண்டும். நூறு கஜத்தில் சரியாக விழும்படி வைத்த குண்டு இருநூறில் இரண்டடிக்கு மேல் தாழும். ஆகவே தொலைவை அளக்கும் கருவி இல்லாமல் நூற்றைம்பதுக்கு அப்பால் நான் குறியே வைப்பதில்லை. நடக்கும்போது அறையில் தோட்டா கிடையாது, பாதி ஏற்றிய சுத்தியலை நம்பி நடப்பதும் கிடையாது. ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் கட்டையை இறக்கித் தோட்டாவைத் தள்ள இரண்டு விநாடி போதும்.

ஷார்ப்ஸைக் குழிகள் உட்பட அத்தனையும் எழுதிக் காட்டி, கடை வழியாக 1,350க்கு விற்றேன். அதில் பத்து விழுக்காடு கடைக் கமிஷன். அடுத்து வாங்கியது வின்செஸ்டர் 1885 ஹை வாலின் இத்தாலிய நகல், 30 அங்குலக் குழல், 1,250 டாலர், இந்த முறை புதிது, இந்த முறை கைவிளக்கோடு. ஜான் பிரௌனிங் 1879இல் காப்புரிமை பெற்று வின்செஸ்டருக்கு விற்ற அமைப்பு இது. சுத்தியல் வெளியே தெரிவதால் கருமருந்துப் போட்டிகளிலும் செல்லும். நெம்புகோலை மூடும்போது சுத்தியல் தானே ஏறிக்கொள்வதால் குளிரில் ஒரு வேலை குறைவு. எடை ஒன்பதரை பவுண்டு. அடித்தட்டு பிறை வடிவம் அல்ல, ஷாட்கன் போலத் தட்டை. படுத்துச் சுடும்போது பிறையின் கொம்பு காலர் எலும்பில் குத்துகிற வேதனை தெரிந்தவர்கள் இதற்கே நூறு டாலர் கூடுதலாகக் கொடுப்பார்கள். ரோலிங் பிளாக்கும் நல்ல அமைப்புதான், பாகங்கள் குறைவு, கழுவ எளிது. என் கட்டைவிரலுக்கு அதன் சுத்தியல் எட்டவில்லை, அதனால் விட்டேன். போட்டிக்கு மட்டும் என்றால் இன்றும் நான் கனமான ஷார்ப்ஸையே சொல்வேன். இரும்பு உருவங்களைச் சுடும் அந்தச் சில்லவுட் போட்டியில் எடை வரம்பு 12 பவுண்டு 2 அவுன்ஸ், குறிநோக்கி உட்பட. நீண்ட தடித்த குழலோடு வாங்குபவர்கள் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

ஹை வாலோடு போன பருவத்தில் எண்பது கஜத்தில் ஒரு பெட்டை மான் கிடைத்தது. ஒரே தோட்டா, அது நாற்பது அடி ஓடி விழுந்தது. தோலுரித்துத் துண்டு போட்டுத் தூக்கி வந்ததை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். மனைவி மிளகும் சோம்பும் அரைத்து வறுவல் செய்தாள். கொழுப்பே இல்லாத கறி, வழக்கத்தைவிட இரண்டு கரண்டி நல்லெண்ணெய் பிடித்தது. துப்பாக்கியைப் பற்றிய பழைய கேள்வியை அன்று அவள் கேட்கவில்லை.

கருமருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. போட்டியில் அதுதான் விதி, வேட்டைக்கு நான் புகையில்லா மருந்துள்ள மெல்லிய கடைத் தோட்டாவையே எடுத்துப்போகிறேன். கருமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். அன்றே, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவதற்கு முன்பே, வெந்நீரால் கழுவ வேண்டும். பின்பக்கமிருந்து ஈரத் துணியைத் தள்ளினால் வாய் வழியே கரிச்சட்டி கழுவிய தண்ணீர் வழியும். துணி வெள்ளையாக வரும்வரை தள்ளி, உலர்த்தி, எண்ணெய் விட்டு, மறுநாள் ஒருமுறை திரும்பப் பாருங்கள். பின்பக்க இரும்புக் கட்டையைக் கழற்றி அதன் பக்கங்களையும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இருபது தோட்டாவுக்குள் நெம்புகோல் இறுகிவிடும். காலிக் கூடுகளையும் அன்றே நீரில் போட வேண்டும். இந்த வேலைக்குச் சோம்பல்படுகிறவர்கள் கருமருந்து பக்கமே வர வேண்டாம். அவர்கள் பின்னால் விற்கும் துப்பாக்கிதான் என்னைப் போன்றவன் வீட்டுக்கு வந்து சேர்கிறது.

பட்ஜெட் போடுபவர்களுக்கு என் கணக்கு: ரைஃபிளுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்களோ, அதற்கு மேல் குறைந்தது அதன் முக்கால் பங்கு அளவுத் தொகையைக் குறிநோக்கி, தோட்டா, கழுவும் கம்பி, குண்டு அச்சு இவற்றுக்குத் தனியாக எடுத்து வையுங்கள். 1,250 டாலர் துப்பாக்கி எனக்கு முதல் ஆண்டு முடிவில் 2,300ஐத் தொட்டது. வேட்டையும் செய்ய விரும்புகிறவர்கள் துப்பாக்கிக்கு முன்பே வேட்டைப் பயிற்சிச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பொதுவாக அது இல்லாமல் கொலராடோவில் உரிமம் கிடையாது. மான் ஒதுக்கீட்டுக்கான குலுக்கல் விண்ணப்பம் ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது. துப்பாக்கி வர ஆறு மாதம் ஆகும் என்று கடைக்காரர் சொன்னாலும், விண்ணப்பத்தை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.